செர்ரி மரத்து ஸ்பீக்கர்

மன்னாரில் நேசமலரை மண்ணுக்குள் இறக்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில், ஜெர்மனியின் பீலெஃபெல்டில் அவளுடைய தங்கை ஞானமலர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏணியின் மேற்படியில் நின்றது அவளுடைய புருஷன் றொனால்ட். வீட்டுப் பின்தோட்டத்துச் செர்ரி மரத்தின் கிளையில் கம்பி சுற்றி ஒரு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருந்தான். சித்திரை மாதத்துப் பூ தலையெல்லாம் கொட்டியது. அக்கா செத்துப்போனது ஞானமலருக்குத் தெரியாது. றொனால்டுக்குத் தெரியும். அடக்கம் எத்தனை மணிக்கு என்பதும் தெரியும். கைக்கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது, பார்க்கக்கூடாது என்று நினைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு பக்கம் சரியுது. கொஞ்சம் நிமித்துங்கோ" என்றாள் கீழேயிருந்து. "வாறவை சிரிக்கப் போகினம்."

நிமிர்த்தினான். கம்பி கைநழுவியதை அவள் பார்த்துவிட்டு, வயது போகுது என்று பகிடி பண்ணினாள். அந்தச் சிரிப்புச் சத்தம் மேலே வந்தபோது, இப்போதே இறங்கிச் சொல்லிவிடலாம் என்று அவனுக்கு ஒரு கணம் தோன்றியது. பிறகு கம்பியை இன்னொரு சுற்றுச் சுற்றினான்.

செய்தி முதல்நாள் வந்தது. றொனால்டுக்குச் சமையலறை அலுமாரி செய்யும் தொழிற்சாலையில் வேலை; இடைவேளையில் பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. பாரிஸிலிருந்து ஞானமலரின் தமையன் ஜெயச்சந்திரன். காலையில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு நின்ற நேசமலர் அப்படியே சரிந்தாளாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் பிடிப்பதற்கு முன்னமே முடிந்துவிட்டது. ஜெயச்சந்திரன் அழுது முடித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தங்கச்சிக்கு நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கோ என்றான்.

சொல்வதற்குத்தான் றொனால்ட் வீட்டுக்குப் போனான். அரைநாள் லீவும் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். ஆனால் கதவைத் திறந்தபோது, மகள் அஞ்சலா வெள்ளைச் சட்டையோடு கதிரையில் ஏறி நிற்க, ஞானமலர் வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி சட்டையின் கரையை மடித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அஞ்சலாவுக்கு முதல் நன்மை, கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். குண்டூசி கவ்விய வாயாலேயே அவள் ஏதோ சொல்ல, மகள் விளங்காமல் வேறேதோ கேட்க, இரண்டு பேருமாகக் குலுங்கிச் சிரித்தார்கள். றொனால்ட் சப்பாத்தைக் கழற்றாமல் நின்றான். பிறகு வெளியே போய், வாகனத்துக்குள் இருந்துகொண்டு பாரிஸுக்குத் திருப்பி எடுத்தான்.

"ஞாயிறு முடியட்டும் அத்தான்" என்றான்.

உங்கட விருப்பம் என்றான் ஜெயச்சந்திரன். வானொலிக்குத் திங்கட்கிழமைதான் அறிவித்தல் கொடுப்பேன் என்றும் சொன்னான்.

காரணங்களுக்குப் பஞ்சமில்லை. சண்டையால் மன்னாருக்குப் பாதை பூட்டிக் கிடக்கிறது, அடக்கத்துக்குப் போகவா முடியும்? பிள்ளை ஒரு வருடமாக மறைக்கல்விக்குப் போய்ப் படித்த நாள். தொழிற்சாலைக்காரர் வருகிறார்கள். இத்தனை வருடம் மற்றவன் வீட்டுக் கொண்டாட்டத்திலெல்லாம் போய்ச் சாப்பிட்டாயிற்று, முதல் தடவையாகத் தன் வீட்டில் ஒன்று. இதெல்லாம் அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. உண்மை வேறு. அவளுடைய ஐயா செத்தபோது, ஞானமலர் சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழும்ப மாதக்கணக்கானது. கைக்குழந்தையையும் வேலையையும் வைத்துக்கொண்டு அவன் பட்ட பாடு நாய் படாது. ஆனால் பாடுகூடப் பெரிதில்லை. அந்த வீட்டின் அமைதிதான் அவனை ஆட்டி வைத்தது. அவள் அழுவதற்கு அவன் பயந்தான். இன்னும் கொஞ்ச நாள் சிரிக்கிற பெண்சாதி வேண்டும் என்று ஆசைப்பட்டான். அவ்வளவுதான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டுமென்றால் நிறையச் சோறு வேண்டும். அந்த வீட்டில் தமிழ் வானொலி நாள் முழுக்கப் பாடும். கூரையில் பூட்டிய செய்மதித் தட்டு வழியாக வரும் ஐரோப்பியத் தமிழ் வானொலி. பாட்டு, புடவைக்கடை விளம்பரம், செய்தி, அதன்பிறகு மரண அறிவித்தல். மரண அறிவித்தல் வரும்போது ஞானமலர் அடுப்பைக் குறைத்துவிட்டு, கரண்டியும் கையுமாக ஹோலுக்கு வந்து நிற்பாள். தெரிந்தவரோ தெரியாதவரோ, முடிந்ததும் சிலுவை போட்டுக்கொள்வாள். ஏனப்பா ஊரான் இழவெல்லாம் கேட்கிறீர் என்று ஒருதரம் றொனால்ட் கேட்டதற்கு, செத்தவைக்கு அதையாவது நிண்டு கேட்க ஒராள் வேண்டாமோ என்றாள். ஜெயச்சந்திரன் சொன்ன சொல் தவறமாட்டான்தான். ஆனாலும் வானொலியை நம்பி வீட்டில் விட முடியுமா?

அந்தக் கிழமை மலிவுக்கடை விளம்பரத்தாளில் தோட்டத்து வயர்லெஸ் ஸ்பீக்கர் போட்டிருந்தார்கள். மழையில் நனைந்தாலும் பழுதாகாத இரண்டு பெட்டிகள். பாட்டை அவற்றுக்குக் காற்றுவழி அனுப்ப, வீட்டுக்குள் வைக்கிற சின்ன உள்பெட்டி ஒன்று. எதிர் அடுக்குமாடியில் இருக்கும் கனகலிங்கம் அண்ணையும் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, போனால் எனக்கும் ஒன்று எடும் என்று சொல்லி வைத்திருந்தார். றொனால்ட் வாகனத்தை நேரே கடைக்கு விட்டு இரண்டு செட் வாங்கினான். ஒன்றைக் கனகலிங்கத்தின் பல்கனியில் தானே பூட்டிக் கொடுத்தான். மற்றதை வீட்டுக்குக் கொண்டுவந்து, செய்மதிப் பெட்டியின் வயரைக் கழற்றி, இந்த வயர்தான் புதுச் சாமானுக்கு வேணும் என்றான். வானொலி நின்றது. வீட்டுத் தொலைபேசியையும் சுவரிலிருந்து பிடுங்கினான். போன் செருகியிருந்தால் ஸ்பீக்கர் இரைகிறது என்றான். ஞானமலரிடம் கைபேசி கிடையாது. வீட்டில்தானே இருக்கிறேன், எனக்கேன் என்பாள். புருஷன் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள். நம்பாமலிருக்க அவன் இதுவரை ஒரு காரணமும் கொடுத்ததில்லை.

செய்முறைத் தாளை அஞ்சலா வாசித்தாள். பாட்டு நின்றுவிட்டால் உள்பெட்டி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும் என்று இருந்தது. ஜெர்மன்காரன் சாமான் அல்லவா.

"அப்பா, பக்கத்து வீட்டிலயும் இதே சாமான் இருந்தா கனால் எண்டுற அலைவரிசையை மாத்தட்டாம். இல்லாட்டி அவையின்ர பாட்டு எங்கட ஸ்பீக்கரில வருமாம்."

"பக்கத்து வீட்டில ஃப்ராவ் ஹெங்கெதானே. அவ இந்த வயசில பாட்டுப் போட்டு ஆடப் போறாவே" என்றான் றொனால்ட். கனகலிங்கத்தின் பல்கனியில் தன் கையாலேயே பூட்டியதை அந்த நேரம் அவன் நினைக்கவில்லை. அவன் தலைக்குள் இருந்த பாரம் வேறு.

வெள்ளிக்கிழமை ஏணியிலிருந்து இறங்கியதும் ஞானமலர் கேட்டது அக்காவுக்குப் போன் எடுப்பதைப் பற்றித்தான். மன்னாருக்கு லைன் இல்லையாம் என்றான். அந்த வருடம் அது அடிக்கடி உண்மையாகவே இருந்தபடியால் பொய் வழுக்கிக்கொண்டு போனது. அப்ப ஞாயிற்றுக்கிழமை எடுப்பம், பிள்ளையின்ர குரலைக் கேட்கவேணுமெண்டு அக்கா சொன்னவ என்றாள் அவள். றொனால்ட் விழாத திருகாணியைத் தேடுவதற்குப் புல்லில் குனிந்தான்.

பாவம் செய்தவனுக்குச் சோறு இறங்காது என்பார்கள். றொனால்டுக்கு இறங்கியது. சனிக்கிழமை அவள் பொரித்த றோல்ஸைச் சுடச்சுட வாங்கித் தின்றான், நல்லாயிருக்கு என்றான், உண்மையாகவே நல்லாயிருந்தது. அதுதான் அவனுக்கு அருவருப்பாக இருந்தது. ஞாயிறு காலை கோவிலில் அஞ்சலா மெழுகுதிரியோடு போனபோது ஞானமலர் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பெற்றோரும் நற்கருணை வாங்க வரிசையில் நின்றார்கள். இப்படியொரு பொய்யை வைத்துக்கொண்டு எப்படி வாய் திறப்பது என்று அவன் கால் தயங்கியது. வாங்காமல் விட்டால் அவள் ஏனென்று கேட்பாள். நாக்கை நீட்டினான்.

மத்தியானம் தோட்டம் நிறைந்தது. தொழிற்சாலை நண்பர்கள் பியர்ப் போத்தலும் கையுமாகச் செர்ரி மரத்தடியில் நின்று, வயரே இல்லாமல் பாடுகிற பெட்டியை அண்ணாந்து பார்த்து மெச்சினார்கள். ஃப்ராவ் ஹெங்கெ அஞ்சலாவிடம் தமிழில் ஒரு வசனம் பழகிக்கொண்டிருந்தாள். எல்லாம் றொனால்ட் ஆசைப்பட்டபடியேதான் இருந்தது. தமிழ்ச் சனம்தான் ஒரு மாதிரி இருந்தது. பொம்பிளைகள் ஞானமலரின் கையைப் பிடித்தால் விடுகிறார்களில்லை. கனகலிங்கத்தின் மனைவி கமலநாயகி அவளுடைய கன்னத்தைத் தடவிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆம்பிளைகள் கூடிக் கதைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு றொனால்ட் போனால் கதை நின்றது. எப்போதும் வாய் ஓயாத கூட்டம் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டது.

கனகலிங்கம் அவனைக் குப்பைத்தொட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"இன்னும் சொல்லேல்லையே?"

றொனால்ட் சுற்றுமுற்றும் பார்த்தான். யார் சொன்னது என்று கேட்டான்.

"ரேடியோ சொல்லுது. செத்துப்போன பிள்ளையின்ர புருஷன் பகுதி சுவிஸிலயிருந்து குடுத்திருக்கினம். நேற்றுத் தொட்டுச் சொல்லிக்கொண்டிருக்குது. இஞ்ச வந்த எல்லாருக்கும் தெரியும்."

"பின்னேரம் சொல்லுவம் எண்டுதான் அண்ணை. பிள்ளையின்ர நாள்..."

கனகலிங்கம் கோபக்காரரில்லை. அன்றைக்கும் கோபப்படவில்லை. "கேக்கில ஒரு துண்டை என்ர வாயில தீத்திவிட்டுது ஞானமலர்" என்றார். "நான் திண்டனான். நீர் எங்களையும் கள்ளராக்கிப் போட்டீர் றொனால்ட்."

திரும்பி வந்து, ஞானமலருக்கு முன்னால் ஒரு கணம் நின்று, தலையை ஆட்டிவிட்டு, கமலநாயகியோடு வெளிக்கிட்டுப் போனார். போயிட்டு வாறம் என்று சொல்லவில்லை.

றொனால்டுக்கு அது உடனே விளங்கியது. எங்கள் சனம் வாங்கின கடனை மறந்தாலும் அந்தச் சொல்லை மறக்காது. பகைகாரன் வீட்டிலிருந்து எழும்பினாலும் போயிட்டு வாறன் என்றுதான் எழும்பும். செத்தவீட்டில் மட்டும் சொல்வதில்லை. அங்கே திரும்பி வருவேன் என்று சொல்லக்கூடாது. சொல்லாமல் எழும்பிப் போய்விட வேண்டும். கனகலிங்கத்துக்குப் பின்னால் இன்னொரு குடும்பம் எழும்பியது. தலையசைப்பு, அவ்வளவுதான். பிறகு இன்னொன்று. யாரும் பேசிவைத்துச் செய்யவில்லை. தெரிந்த பின் அந்தச் சொல்லைச் சொல்ல அவர்களுடைய நாக்கு மறுத்தது.

ஞானமலர் வெற்றுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு அவனிடம் வந்தாள். முகம் வாடியிருந்தது.

"ஏன் எல்லாரும் சொல்லாமக் கொள்ளாமப் போகினம்?" என்று கேட்டாள். "சாப்பாட்டில ஏதும் பிழையோ? நான் ஆரையும் கவனிக்காம விட்டனானோ?"

அவள் தன்னில் பிழை தேடுகிறாள் என்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "இல்லையப்பா, நாளைக்கு வேலையல்லோ எல்லாருக்கும்" என்றான். இதுவும் பொய்தான். ஆனால் இந்தப் பொய் மற்றவற்றைப் போல வழுக்கவில்லை. இவர்கள் போகட்டும், கதவைச் சாத்திவிட்டுச் சொல்லிவிடுவேன் என்று மனதுக்குள் செபமாலைபோல உருட்டிக்கொண்டிருந்தான்.

அந்தக் குழப்பத்தில் பாட்டுத்தட்டு முடிந்ததை யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்குள் உள்பெட்டியின் பச்சை வெளிச்சம் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அணைந்தது. எதிர் மாடியில் கனகலிங்கம் சேர்ட்டைக் கழற்றிவிட்டு, மனக்குறைக்கு எப்போதும் செய்வதுபோல வானொலியைப் போட்டார், பல்கனியில் புதிதாகப் பூட்டிய ஸ்பீக்கரில்.

செர்ரி மரம் கரகரத்தது. புடவைக்கடை விளம்பரம் ஒன்று பாதியிலிருந்து பாடியது.

"இதென்ன, ரேடியோ வருது" என்று ஞானமலர் ஆச்சரியப்பட்டாள். மூன்று நாளாகக் கேட்காத குரலைக் கேட்டு அவள் முகம் கொஞ்சம் மலரக்கூடச் செய்தது. அஞ்சலாதான் துள்ளினாள்: நான் சொன்னனான் எல்லே, கனாலை மாத்தச் சொன்னனான் எல்லே. அப்போது மெல்லிய வீணைச் சத்தம் வந்தது. மரண அறிவித்தலுக்கு முன்னால் போடுகிற வீணை. ஞானமலர் பழக்கத்தில் தட்டுகளை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

றொனால்ட் வீட்டுக்குள் ஓடினான்.

"மன்னாரைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட திருமதி நேசமலர் சூசைதாசன் அவர்கள் கடந்த வியாழக்கிழமை இறைபதம் எய்தினார். அன்னார், பிரான்சைச் சேர்ந்த ஜெயச்சந்திரன், ஜெர்மனியைச் சேர்ந்த ஞானமலர் ஆகியோரின் பாசமிகு சகோதரியும், றொனால்டின் அன்பு மைத்துனியும்..."

அவன் கை பட்ட பொத்தானையெல்லாம் அமத்தினான். உள்பெட்டி விழித்துக்கொண்டது. அன்னாரின் நல்லடக்கம் என்று குரல் சொன்ன இடத்தில், முழுச் சத்தத்தில் ஒரு கலியாணப் பாட்டு மேளதாளத்தோடு தோட்டத்தில் வந்து விழுந்தது. தொழிற்சாலை நண்பன் ஒருவன் பியர்ப் போத்தலை உயர்த்திக் கைதட்டினான்.

றொனால்ட் அந்த உள்பெட்டிக்கு முன்னாலேயே நின்றான். ஞானமலர்தான் உள்ளே வந்தாள். அவள் அழவில்லை. அவனைத் தாண்டிப் போய், உள்பெட்டியின் செருகியை இழுத்துப் பிடுங்கினாள். பாட்டு நின்றது. மேசையில் செய்மதி வயர், சுருட்டி வைத்த தொலைபேசி வயர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இப்போதுதான் அவை என்னவென்று அவளுக்கு விளங்குகிறது என்று றொனால்ட் கண்டான்.

"அடக்கம் எப்ப?" என்று கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமை எத்தினை மணிக்கு?"

அதை மட்டும் அவன் பொய்யில்லாமல் சொன்னான். அவள் மன்னார் நேரத்தை ஜெர்மன் நேரத்துக்கு மாற்றுவதை உதடு காட்டியது. பன்னிரண்டு வருடமாக அக்காவுக்குப் போன் எடுப்பதற்கு முன்னால் போடுகிற அதே கணக்கு.

"நான் ஏணி பிடிச்சுக்கொண்டு நிண்டனான்" என்றாள்.

"ஞானம், நான் சொல்லுறன், பாரிஸிலயிருந்து அத்தான் எடுத்தவர், எப்பிடி நடந்ததெண்டு எல்லாம்..."

"நீங்கள் சொல்லவேண்டாம். ரேடியோ திரும்பச் சொல்லும்."

தோட்டத்தில் மிஞ்சியிருந்தவர்கள் எழும்பிக்கொண்டிருந்தார்கள். ஏதோ நடந்திருக்கிறது என்று விளங்கிய வெள்ளைக்காரர்கள் மெல்ல விடைபெற்றார்கள். காது மந்தமான ஃப்ராவ் ஹெங்கெ மட்டும் எதுவும் அறியாமல், கைப்பையை மாட்டிக்கொண்டு ஞானமலருக்கு முன்னால் வந்து நின்றாள். மத்தியானம் முழுக்க அஞ்சலாவிடம் பாடமாக்கிய வசனத்தை, விரலால் ஒவ்வொரு சொல்லையும் குத்திக் குத்திச் சொன்னாள்.

"போ-யித்து வா-றேன்."

அன்றைக்கு அந்த வீட்டில் அதைச் சொன்னது அவள் ஒருத்திதான். அஞ்சலா அம்மாவைப் பார்த்தாள். ஞானமலர் கிழவியின் கையைப் பிடித்தாள்.

"ஓம்" என்றாள் தமிழிலேயே. "வாங்கோ."

பிறகு ஞானமலர் சுவரில் சாத்தியிருந்த ஏணியைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். உள்பெட்டி நின்றபடியால் ஸ்பீக்கரில் திரும்பவும் கனகலிங்கம் வீட்டு வானொலி, அவ்வளவு தூரத்திலிருந்து நலிந்துதான் வந்தது. சத்தத்தைக் கூட்டுகிற திருகு ஸ்பீக்கரின் அடியில் இருந்தது. கூறைச்சேலைக் கொய்யகத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். ஏணியின் ஒரு கால் புல்லில் புதைந்து ஆடியது. றொனால்ட் ஓடிப்போய்ப் பிடித்தான். விடுங்கோ என்று அவள் சொல்லவில்லை. பிடியுங்கோ என்றும் சொல்லவில்லை. கீழே குனிந்து பார்க்கவேயில்லை.

திருகைக் கூட்டிவிட்டு, ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு, காதைப் பெட்டியில் வைத்தாள். நகைக்கடை ஒன்றின் சித்திரைக் கழிவு விற்பனை போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு காலநிலை. அதற்குப் பிறகு ஒரு பழைய பாட்டு. அவளுடைய பாதம் றொனால்டின் கண்ணுக்கு நேரே, நகத்துக்கு அஞ்சலா பூசிவிட்ட ரோஸ் நிறப் பூச்சோடு இருந்தது. அதன்மேல் இரண்டு மூன்று பூவிதழ் விழுந்து ஒட்டின. பாட்டு முடிந்தது. றொனால்ட் ஏணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வீணைச் சத்தம் தொடங்குவதற்காக அவளோடு காத்துக்கொண்டு நின்றான்.